மடித்து வைத்த கத்தி

எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் தம்பிராசா அண்ணை காலமாகிவிட்டார் என்று அவரது மருமகன் சைக்கிளில் வந்து சொன்னபோது நான் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவருத்தமாம். முதல்நாள் பின்னேரம் கடை பூட்டும்வரை என்னோடு நின்ற மனிதர். தராசை விட்டுவிட்டு அப்படியே சாக்கின்மேல் இருந்துவிட்டேன்.

கோப்பாயில் அவரை அறியாதவர் குறைவு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடியில்லை, வெற்றிலையில்லை, அவருக்கிருந்த ஒரே பைத்தியம் மடித்து வைக்கிற வில்லுக்கத்தி. வேண்டிய வடிவத்தைச் சவர்க்காரப் பெட்டி மட்டையில் வெட்டிக்கொண்டு கொல்லரிடம் போவார். பழைய லொறி வில்லுத்தகட்டில் அலகு அடிப்பித்து, எருமைக்கொம்பில் பிடி போடுவிப்பார். மடிக்கும்போது சத்தம் கேட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். சாக்குத் தையல் பிரிக்க ஒன்று, சவர்க்காரக் கட்டி வெட்ட ஒன்று, மாம்பழத்துக்கு வேறொன்று. ஒருநாள் நான் சவர்க்காரக் கத்தியால் மாம்பழம் வெட்டப்போக, "உனக்கு நாக்கு இல்லையோ?" என்று கேட்டார். பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரமே கிடைக்காத காலத்திலும் அந்தக் கத்தியைத் தீட்டித்தான் வைத்திருந்தார்.

யாருக்கும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வருமாம். மடித்து மேசையில் வைப்பார். நாங்கள் எடுத்து, வேலை முடிந்ததும் மடித்து வைக்க வேண்டும். அதனால் எங்கள் கடையில் "கத்தி தாங்கோ" என்று ஒருவரும் கேட்பதில்லை. "வையுங்கோ" என்றுதான் கேட்போம். எனக்கு அது பெரிய கரைச்சலாகவே இருந்தது.

சந்திக்குச் சந்தி இராணுவக் காவலரண் இருந்த எண்பத்தெட்டாம் ஆண்டில் எங்கள் இருவரையும் மறித்தார்கள். அண்ணையின் சட்டைப்பையில் கத்தியைக் கண்ட சிப்பாய் கையை நீட்டினான். இந்த மனிதர் அதைக் கையில் கொடுக்காமல், குனிந்து நிலத்தில் வைத்தார்! துவக்கு அவர் நெஞ்சுக்கு நேரே வந்தது. தமிழ் தெரிந்த இன்னொருவன் வந்து, ஏன் என்று கேட்டான்.

"கைக்குக் கை தந்தால் சண்டை வரும் எண்டு சொல்லுவினம். உங்களோடை சண்டைக்கு நான் வரேல்லைத் தம்பி."

அவன் மற்றவனுக்கு ஏதோ சொல்ல, துவக்குத் தாழ்ந்தது. கை நீட்டியவன் கத்தியை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, அண்ணை எடுத்துக்கொள்ளட்டும் என்று மடித்து மண்மூட்டையின்மேல் வைத்தான்.

அன்றிலிருந்து அவர் மனைவி பூமணி அக்காவுக்கு நிம்மதி போய்விட்டது. ஒவ்வொரு காலையும் வாசல் படலையில் மறிப்பார்.

"உந்தக் கத்தி ஒருநாள் உங்களைக் கொண்டுபோகப் போகுது. வைச்சிட்டுப் போங்கோ."

அண்ணை பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறுவார். ஆனால் கடை பூட்டியதும் ஒரு நிமிடமும் நின்று கதைக்கமாட்டார். அக்கா படலையில் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது அவருக்குத் தெரியும்.

நேற்றுச் செத்தவீடு. எங்கள் கடையில் மூட்டை தூக்கும் செல்லையா முற்றத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, தலை நிமிராமலே, "அண்ணை, கத்தியை ஒருக்கா வையுங்கோ" என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கே விளங்கியது. பூமணி அக்கா எழுந்து உள்ளே போனார். கொடியில் கிடந்த சட்டையின் பையிலிருந்து கத்தியை எடுத்துவந்து செல்லையாவின் முன்னால் நிலத்தில் வைத்தார். இத்தனை வருசமாக அக்கா பயந்துகொண்டிருந்த அதே கத்தி.

"வெட்டிப்போட்டு மடிச்சு வை தம்பி. விரிச்சபடி கிடந்தால் அவருக்குப் பிடிக்காது."

செல்லையா கயிற்றை நீட்டிப் பிடித்தார். நான்தான் வெட்டினேன். நல்ல கூர். மடித்தபோது சத்தமே கேட்கவில்லை. கிடத்தியிருந்த அண்ணையின் வலக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மடித்து வைத்துவிட்டோம், அண்ணை. இனி அக்கா படலையில் நிற்கத் தேவையில்லை. போய் வாருங்கள்.