சின்னவரின் புது வீடு

வீரம்மா ஒன்றரை மாதம் தன் புருஷனோடு பேசாமல் இருந்தாள். காரணம் ஒரு எட்டுக்கால் பூச்சி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். அதனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அந்த ஒன்றரை மாதம் முடிகிற சமயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் புருஷன் ரெங்கசாமி ரயில்வே யார்டில் தண்டவாளத்தை ஒட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இது நடந்தது 1987இல்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதிலேயே அம்மாவோடு பால் வாளி தூக்கி, பத்தொன்பதில் ரெங்கசாமிக்கு வாழ்க்கைப்பட்டு இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். ரெங்கசாமிக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வண்டி தடம் மாற வேண்டிய இடத்தில் நெம்புகோலை இழுத்துவிட வேண்டும். வீரம்மா அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் வீட்டுத் துணியை வாங்கி வந்து துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒரே மகள் வள்ளியைக் கிள்ளானில் பாலனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் பெரிய சண்டை என்று எதுவும் அந்த வீட்டில் நடந்ததில்லை. வாய்த்தகராறு வந்தால் வீரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவர் ஒரு நாள் பொறுத்து ஏதாவது பகடி பண்ணுவார், அவளும் சிரித்துத் தொலைப்பாள்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. சரக்கு ரயிலில் கார்டாகப் போகிற சபாபதி, தாய்லாந்து எல்லைவரை போய் வந்தபோது, அங்கே சந்தையில் விற்கிறார்கள் என்று சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிலந்திக் குட்டியை வாங்கி வந்து ரெங்கசாமியிடம் கொடுத்தார். டாரன்டுலாவாம். வளர்ந்தால் உள்ளங்கை நிறையுமாம், பத்து வருடம்கூட உயிரோடு இருக்குமாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, அதைக் குடிவைத்தார். சின்னவர் என்று பெயரும் வைத்தார். பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் கேட்டறியாத மனிதர், வேலை விட்டு வந்ததும் சின்னவர் சாப்பிட்டாரா என்று பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். வயிற்றெரிச்சலாக இருக்காதா?

அதோடு வீரம்மாவுக்குப் பூச்சி என்றாலே உடம்பு கூசும். சின்ன வயதில் தோட்டத்தில் பூரான் கடித்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள் அவள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "அது இந்த வீட்ட விட்டுப் போற வரைக்கும் நான் உங்ககிட்ட பேச மாட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார், பிறகு அவருக்கும் வீம்பு பிடித்துக்கொண்டது. கடைசி வாரத்தில் அவர் முகம் வாடிக் கிடந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள். இன்னும் இரண்டு நாள் போகட்டும், மனுஷன் இறங்கி வரட்டும் என்று இருந்துவிட்டாள். உடம்புக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பாரே என்ற நினைப்பு பிற்பாடு அவளை அரித்துத் தின்றது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைக் கழுவிவிட்டபோது, மருமகன் பாலன் அந்தப் பாட்டிலை எடுத்து, ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். வீரம்மா எழுந்து போய் அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அவள் அதைக் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் விட்டுப் போனதில் இந்த ஒரு ஜீவன்தான் மூச்சோடு இருக்கிறது, இதையும் சாகக் கொடுத்தால் தனக்கு மன்னிப்பே கிடையாது என்ற எண்ணம் அவள் மனசில் விழுந்துவிட்டது. அன்று முதல் அவளே கரப்பான் குஞ்சு பிடித்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, பாட்டிலுக்குள் போட ஆரம்பித்தாள். சின்னவரும் தின்றது. ஐந்து மாதத்தில் இரண்டு தடவை தோலை உரித்துப்போட்டுவிட்டுத் தீப்பெட்டி அளவுக்கு வளர்ந்தது. காலை நீட்டினால் கண்ணாடியில் இடித்தது.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. இனிமேல் கிள்ளானில் மகள் வீட்டில்தான் வாசம். வள்ளி பூச்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை. "கொண்டு வாங்கம்மா, ஆனா அந்த பாட்டில்ல வேணாம்லா. பிள்ளைங்க தட்டி ஒடச்சிட்டா எங்க போயி தேடுறது? ஒழுங்கா ஒரு பெட்டி செஞ்சு அதுல வச்சுக் கொண்டு வாங்க" என்றாள். ஆக, சின்னவருக்கும் புது வீடு பார்த்தாக வேண்டும்.

வீரம்மா வண்ண மீன் விற்கிற கடைக்குப் போனாள். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற கடை முதலாளி வயதான சீனர். பல்லி, ஓணான், சிலந்தி என்று பின்கட்டில் எதையெல்லாமோ வளர்க்கிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் பேசிக்கொண்டார்கள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக வளர்த்திருக்கிறாய் அம்மா என்றார் தவுக்கே. புருஷன் போன பிறகு அவளை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க மீன் தொட்டிகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைக் கொடுத்து அவர் விவரம் சொன்னார். மண்ணைப் பாதிக்கு மேல் போட வேண்டும். இது வளை தோண்டுகிற ஜாதி. மேலே வெற்றிடம் அதிகம் இருக்கக் கூடாது, ஏறி விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துப்போகும். உரம் போட்ட மண் ஆகாது. கையால் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரம் போதும். ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடி. தொட்டியின் வாயில் காற்றுப் புகுகிற மெல்லிய துணியை இழுத்துக் கட்டிவிட வேண்டும். குடிமாற்றிய பிறகு ஒரு வாரம் தீனி போடாதே, அதன் போக்கில் விடு என்றார். வீரம்மா ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டாள்.

ஒன்றிலும் அவள் குறை வைக்கவில்லை. தேங்காய் மட்டையை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, உதிர்த்து, வெயிலில் காயவைத்துச் சலித்தாள். கொல்லை மண்ணை எறும்பு முட்டை இருக்கக் கூடாதென்று சட்டியில் போட்டு வறுத்தெடுத்தாள். பக்கத்து வீட்டு இராஜம்மா எட்டிப் பார்த்து, என்ன பலகாரம் என்று கேட்டாள். கொட்டாங்கச்சி ஒன்றில் வாசல்போல் வெட்டி, ஓரம் குத்தாமல் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கினாள். மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கதவையெல்லாம் சாத்திவிட்டுக் குடிமாற்றினாள். பாட்டிலின் மூடியைத் திறந்து, தொட்டிக்குள் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தாள். சின்னவர் அசையவில்லை. தவுக்கே கொடுத்த மெல்லிய தூரிகையால் பின்னங்காலை லேசாகத் தொட்டாள். அது வெளியே வருவதற்குப் பதிலாக ஒரே பாய்ச்சலில் தூரிகைமேல் ஏறி அவள் மணிக்கட்டுவரை வந்துவிட்டது. வீரம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உதறினால் விழுந்து செத்துவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை அப்படியே தொட்டிக்குள் இறக்கி, மண்ணோடு வைத்து, அதுவாக இறங்குகிறவரை காத்திருந்தாள். எட்டுக் காலும் தோலில் ஊர்வது தெரிந்தது. அது இறங்கிக் கொட்டாங்கச்சிக்குள் போன பிறகுதான் தனக்கு முதுகெல்லாம் நனைந்திருப்பதைக் கவனித்தாள்.

இனிமேல் வாய்க்குத் துணி கட்ட வேண்டியதுதான் பாக்கி. துவைக்கிறவள் வீட்டில் மெல்லிய துணிக்குப் பஞ்சமா? எதை எடுத்தாலும் ஆகியிருக்கும். ஆனால் அவளுக்கு ஏதோ தோன்றி, தகரப்பெட்டியைத் திறந்து அவருடைய வேட்டியை எடுத்தாள். வள்ளி கல்யாணத்துக்கு வாங்கிய எட்டு முழம், அதன் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கட்டியது. நல்ல துணி எதையும் பாச்சை உருண்டை போடாமல் அவள் மடித்து வைத்ததே இல்லை. மடிப்புக்கு மடிப்பு இரண்டு உருண்டை. அதனால் நல்ல நாள் பெரிய நாள் என்றால் ரெங்கசாமி மேல் அந்த வாசம்தான் அடிக்கும். முப்பத்து நான்கு வருடமாக அவளுக்கு அதுதான் அவர் வாசம். வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவர் பிள்ளை மாதிரி வளர்த்ததற்கு அவர் வேட்டியே கூரையாக இருக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு முழம் கிழித்து, உதறி, தொட்டியின் வாயில் போட்டு இழுத்துக் கயிற்றால் இறுகக் கட்டினாள்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தாள். சின்னவர் கொட்டாங்கச்சியை விட்டு வெளியே வந்திருந்தது. கண்ணாடியில் ஏறி ஏறி, மேலே வேட்டியைத் தொட்டு, காலை நீட்டி அதைத் தடவிக்கொண்டிருந்தது. பாட்டிலில் இருந்தவரை ஒரு நாளும் அது அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. அவர் வாசம் அதற்குத் தெரிந்துவிட்டது, அவரைத் தேடித்தான் ஏறுகிறது என்று நினைத்தாள். கீழே விழுந்துவிடுமோ என்று ஒரு பயம் வந்தாலும், சந்தோஷம் அந்தப் பயத்தை அமுக்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் துணியைக் கிழித்து, முதல் துணியின் மேலேயே இன்னொரு மடிப்பாகப் போட்டுக் கட்டினாள். பிறகு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் போன நாளிலிருந்து சொல்ல முடியாமல் கிடந்ததையெல்லாம் சொன்னாள். தப்பு என்மேல்தான் என்றாள். சின்னவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

காலையில் அது மண்ணில் கிடந்தது. எட்டுக் காலும் வயிற்றுக்குக் கீழே மடங்கி, ஒரு மூடிய கைமாதிரி சுருண்டிருந்தது. தூரிகையால் தொட்டாள், தண்ணீர் தெளித்தாள். பிறகு தொட்டியை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தவுக்கே கடைக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். தவுக்கே அவள் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களை விட்டுவிட்டு வந்தார்.

மண்ணைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் சரி. ஆழம் சரி. கொட்டாங்கச்சியின் ஓரத்தை விரலால் தடவித் தலையாட்டினார். கடைசியாகத் துணியை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஊபாட் கெகாட்" என்றார். பாச்சை உருண்டைக்கு மலாயில் அதுதான் பெயர். மண்ணிலிருந்து வெள்ளைத் துகள் இரண்டைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். துணியை அரிக்கிற பூச்சியைக் கொல்வது இதையும் கொல்லும் அம்மா என்று பொறுமையாகச் சொன்னார். நேற்றே கண்ணாடியில் ஏறியிருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். கீழே மண்ணில் தூள், மேலே துணியில் நெடி. மூச்சுவிட இடம் தேடித்தான் அங்குமிங்கும் அலைந்திருக்கும், பாவம் என்றார்.

பார்த்தேன் என்று வீரம்மா தலையாட்டினாள். அதற்கு மேல் மலாய் வரவில்லை.

"ஏறி அவரு வேட்டிய புடிச்சிக்கிட்டு நின்னுச்சு தவுக்கே" என்று தமிழில் சொன்னாள். "அவரு என்னைய மன்னிச்சிட்டாருன்னு நெனச்சேன். நல்லா வாசம் புடிக்கட்டும்னு இன்னொரு துணியும் நான்தான் போட்டுக் கட்டுனேன்."

தவுக்கேவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அழுகிற பெண்பிள்ளையை என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. பரவாயில்லை அம்மா, பரவாயில்லை என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். பின்கட்டுக்குப் போய், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிலந்திக் குட்டியைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து, காசு வேண்டாம் என்று அவள் கையில் வைத்தார்.

வீரம்மா பதறிப்போய் அதைத் திரும்பவும் அவர் கையிலேயே வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள்.

"என்கிட்ட குடுக்காதீங்க" என்றாள்.