மாடிக்கு வந்த பாதி வழக்குகள்

மூத்த நீதிபதியாகி யாழ்ப்பாணத்துக்கு மாறி வந்தபோது பெரிய வழக்குகளைத்தான் எதிர்பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி, ஊழியரின் லீவு, ஓடாத மின்விசிறி எல்லாமே என் மேசைக்கு வந்தன. அதையெல்லாம் சமாளிக்கலாம். ஒரு மதிய இடைவேளையில் வந்த செய்திதான் என்னை எழும்பி ஓட வைத்தது.

பதிவாளர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "மேடம், கீழை இருக்கிற நீதவான் ஒரு சாட்சியைச் சிறைக்கூட்டுக்குள்ளை போடச் சொல்லிட்டார். கோர்ட்டை அவமதிச்சாவாம்."

அந்தப் பெண் குருநகரில் மீன் விற்பவர். இறங்குதுறையில் நடந்த அடிதடியைக் கண்ணால் கண்டவர். சாட்சி சொல்ல வரும்போதெல்லாம் மாலை வரை காக்க வைத்து வேறொரு நாளுக்குத் தவணை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்றும் தவணை என்றதும் நீதிமன்றத்திலேயே கத்திவிட்டார்: "கண்டதைச் சொல்ல வந்தது என்ரை பிழையே?"

நீதவானின் அறைக்குப் போனேன். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞர். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது.

"கண்டிக்க வந்தனீங்களோ மேடம்?"

"உங்கடை கட்டளையிலை நான் தலையிட ஏலாது. தலையிடவும் மாட்டன். முதலிலை சாப்பிடுங்கோ."

பார்சலைப் பிரித்தார். இரண்டு வாய்க்குப் பிறகு அதைத் தள்ளி வைத்தார். "ஒரு வழக்கு முடிய ரெண்டு வருது. எல்லாரிலையும் எரிஞ்சு விழுறன். வேலையை விட்டிடுவமோ எண்டு யோசிக்கிறன்."

அவர் தீர்ப்புகள் அவருடையவை. ஆனால் அவர் தோளில் இருந்த சுமை என் பொறுப்பு. எனக்கும் நீதவான் அதிகாரம் இருந்தது; அவருடைய வழக்குகளை நானும் விசாரிக்கலாம்.

"நாளையிலையிருந்து பாதி வழக்குகளை மேலை எனக்கு அனுப்புங்கோ. சாட்சியள் வாற வழக்குகளைக் காலமையே எடுப்பம்."

"அந்த அம்மாவை என்ன செய்ய?"

"அதை நீங்கள்தான் முடிவெடுக்கோணும்."

பின்நேரம் நீதவான் அந்தப் பெண்ணை மறுபடி அழைத்ததைப் பதிவாளர்தான் வந்து சொன்னார். நீதவான் கட்டளையை இரத்துச் செய்துவிட்டுச் சொன்னாராம்: "அம்மா, நீங்கள் கத்தினது பிழை. உங்களை அலைய வைச்சது எங்கடை பிழை. இப்ப சாட்சியம் சொல்ல ஏலுமோ?"

"ஓம் ஐயா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினாராம் அந்தப் பெண்.

காலையிலேயே சாட்சிகளை விசாரிக்க, வழக்குப் பேசும் சட்டத்தரணிகளைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. "காலமை எங்களுக்கு வேறை கோர்ட்டிலும் வழக்கு இருக்கே" என்றார் மூத்தவர் ஒருவர். ஒரு மாதம் பார்ப்போம் என்றேன். முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்கள். மாதம் முடிந்தபோது பழைய முறைக்குத் திரும்பலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியத்துக்குள் சாட்சிகள் வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து நீதவான் மாடியேறி வந்தார். முகம் தெளிந்திருந்தது. "மேடம், என்ரை வழக்குகளைத் திருப்பித் தாங்கோ. இப்ப ஏலும்."

கொஞ்சத்தை மட்டும் கொடுத்தேன்.