பனமரத்துப்பட்டி ஏரி மதகுக்குள் யாரெல்லாம் இருந்தார்கள்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் ‘தார் பாலைவனத்தில் நான்’ என்று ஒரு படம் போட்டேனே, நீங்களும் வரிசையாக இதயம் போட்டீர்களே, அது பனமரத்துப்பட்டி ஏரி. ராஜஸ்தான் ரயிலுக்கு எடுத்த டிக்கெட் கடைசிவரை உறுதியாகவில்லை. அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டம்மா ஒட்டகப்பால் சோப்பு வேறு கேட்டிருந்தார். “என் தம்பி வருசம் பூரா அங்கதான கெடக்கறான். லீவுக்கு வந்திருக்கான், போய்ப் பாலைவனத்த அவங்கிட்டயே கேட்டுக்கங்க” என்று என் மனைவி வழி சொன்னாள்.

மச்சினன் குமரேசன் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஓட்டுநர். ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். சேலத்தில் பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அவன் ஊரான பனமரத்துப்பட்டி. டிக்கெட் விலை ஒரு டீ, இரண்டு பஜ்ஜிக்குள் அடங்கிவிடும்.

நான் போனபோது அவன் மனைவி பூங்கொடி வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். “வாங்கண்ணா. காலைல அவுத்து உட்ட ஆட்டக் காணோம். செனையாடு, இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போட்ரும். இந்த வெயில்ல எங்கயாச்சும் உழுந்து கெடந்தா ரெண்டு உசுருங்கண்ணா.” தோட்டத்துப் பக்கம் தான் போவதாகவும், ஏரிப் பக்கம் நாங்கள் போகவேண்டும் என்றும் ஏற்பாடு. “கறுப்பு, காதுல வெள்ள. நெனப்பிருக்குதுங்களா?” என்று கணவனைக் கேட்டாள்.

“எம்பட ஆட்ட எனக்குத் தெரியாதா?” என்று பைக்கை உதைத்தான்.

உச்சி வெயிலில் ஏரிக்குள் இறங்கினோம். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வெடித்த மண்ணும் சீமைக்கருவேலமும். ஒரு காக்கை இல்லை. ஒரு ஈ கூட இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது.

“அங்கயும் இப்பிடித்தானுங்க மாமா. பகல்ல பாத்தா ஒண்ணும் இருக்காது. ஆனா எல்லாம் இருக்கும்” என்றான் குமரேசன். முள்வால் பல்லி வளைக்குள் போய், உள்ளிருந்தே மண்ணால் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். பாலைவன நரிக்குக் காது பெரிது. உடம்புச் சூடெல்லாம் காது வழியாக இறங்கிவிடுமாம். தண்ணீரே குடிக்காமல் விதை தின்று காலம் தள்ளும் எலியும் உண்டாம்.

“ஒட்டகம் திமில்லதான தண்ணி வெச்சிருக்கும்?” என்று என் பங்குக்கு அறிவைக் காட்டினேன்.

“கொழுப்புங்க மாமா. உங்களுக்கு வயித்துல இருக்கறது அதுக்கு முதுகுல இருக்குது.”

சிரித்தபடி குனிந்தவன் அப்படியே நின்றேன். தரையெங்கும் வளைகள். பாதிக்கு மேல் உள்ளிருந்து மண் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. கருவேலத் தண்டில் ஒட்டியிருந்த நத்தைகள் வாயை வெள்ளைச் சவ்வால் மூடியிருந்தன. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே நிற்கும் இரண்டு முட்டாள்களைப் பற்றி உள்ளே குசுகுசுக்கிற மாதிரி இருந்தது.

புழுதியில் குளம்புத் தடம் ஒன்று பழைய மதகு வரை போய் நின்றது. அதன் வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, யாரோ மூச்சு விடுவதுபோல. செல்போன் விளக்கைப் பிடித்தேன்.

கண்கள். ஜோடி ஜோடியாகக் கண்கள். ஓர் உடும்பு, வாய் பிளந்த மயில், சுவரோடு ஒட்டிய தேரைகள், ஒரு கீரி. கீரிக்கு ஒரு முழம் தள்ளிச் சுருண்டு கிடந்தது பாம்பு. யாரும் யாரையும் தின்னவில்லை. கீரி பாம்பைப் பார்க்கவே இல்லை. எல்லாம் எங்களைத்தான் பார்த்தன. கடைசியில், இருட்டோடு இருட்டாக, கறுப்பு ஆடு. காதில் வெள்ளை.

“அதாங்க மாமா, நம்ம ஆடு!” பாம்பு இருந்த பக்கம் மச்சினனையும், ஓட வசதியான பக்கம் என்னையும் நிறுத்திக்கொண்டேன். அவன் துண்டைக் கொம்பில் போட்டு இழுத்தான். ஆடு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. கத்தவில்லை. மற்றவையும் அசையவில்லை. பைக்கில் என் மடியில் வந்தபோதும் அது திரும்பித் திரும்பி ஏரியையே பார்த்தது.

வீட்டில் பூங்கொடி எங்களைக் கண்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “ஆரு ஆட்டப் புடிச்சுட்டு வந்திருக்கறீங்க?” அவளுடைய ஆடு காலையிலிருந்தே தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், ஈர மணலில் வயிற்றை அழுத்திக் கிடந்திருக்கிறது. அங்கே யாரும் தேடவே இல்லை. இப்போது பக்கத்தில் இரண்டு குட்டிகள், நனைந்த காதோடு.

“பத்து மாசம் ஊர்ல இல்லாட்டி ஆடு மட்டுமா மறக்கும்? நாளைக்கு என்னயவும் ஆருன்னு கேப்பீங்க” என்றாள். குமரேசன் தலையைச் சொறிந்தான்.

அக்கம்பக்கத்தில் எல்லாம் கேட்டோம். அந்த ஆடு யாருடையதும் இல்லை. வெயில் தாழ்ந்ததும் ஏரிக் கரையில் இறக்கிவிட்டோம். புல்லைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேரே மதகுக்குள் போயிற்று.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை: காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், ஷூ போடுங்கள். வளைக்குள் கையை விடாதீர்கள். பாலைவனத்தில் பிழைக்க நமக்குக் காதும் போதாது, திமிலும் இல்லை. ஒளிய இடம் தெரிந்தவர்களை வெளியே இழுக்காமல் இருந்தாலே புண்ணியம்.

இன்னொன்று. ‘பாவம், பிள்ளைத்தாச்சி’ என்று வழியெல்லாம் நான் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தேனே, அந்த ஆடு கெடா.