கன்ட்ரோல் பாத்தி

அமராவதியிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் சொன்னவர் நிம்மதியாக இருக்கலாம். சொன்னது சொன்னபடி நடந்திருக்கும். சொன்னவர் அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அந்த அரைகுறையும் அப்படியே நடந்திருக்கும். அவளைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் மரக்காணத்துப் பக்கம் அவள் பேர் வந்தாலே ஆட்கள் எடுத்து விடுவது இந்த மிளகாய்க் கதையைத்தான். அவளும் கூடவே உட்கார்ந்து சிரிப்பாள்.

கீழ்புத்துப்பட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தெய்வசிகாமணியைக் கட்டிக்கொண்டு உப்பளக்கரைக்கு வந்தாள். அவர் உப்பு லாரிகளுக்கு லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டுகிறவர். மறு வருஷமே அவளும் உப்பளத்தில் இறங்கிவிட்டாள். தை பிறந்தால் உப்பு வேலை, ஐப்பசி மழை வந்தால் வேலை கிடையாது. விடியுமுன் போய், வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிட்டு வர வேண்டும். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. குதிகாலெல்லாம் வெடிப்பு. அதில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும்.

"இந்த காலு ரெண்டும் என்னுது இல்ல, உப்பளத்துக்காரருது" என்பாள். விளையாட்டாகச் சொன்னாலும், அந்தக் காலை உப்பிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நாலைந்து வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

எடுத்து எங்கே வைப்பது? உப்பளம் முடிகிற இடத்தில் அவர்களுக்குக் கால் ஏக்கர் மணல் நிலம் இருந்தது. கடற்காற்று அடித்தால் இலையெல்லாம் உப்புப் பூத்துவிடும். கடலை போட்டால் பாதி பொக்காகப் போகும். கத்தரி போட்டால் நுனி கருகும். அந்த மண்ணில் முகம் சுளிக்காமல் வளர்ந்தது ஒரு மிளகாய் மட்டும்தான். அது அவளுக்குக் கிடைத்த விதமே வேடிக்கை.

உப்பளத்துக் கொட்டகைக்குப் பக்கத்தில், வரப்பு மேல் ஒரு குடிதண்ணீர் டிரம் இருந்தது. அதன் குழாய் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். கஞ்சிக்குக் கடித்துக்கொண்ட மிளகாயை யாரோ துப்பி, அந்த ஈரத்தில் ஒரு செடி முளைத்தது. பிறகு டிரம்மை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். செடி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுற்றிலும் உப்பு, சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் அது குட்டையாக நின்று வரப்பு மேல் காய்த்துத் தள்ளியது. அமராவதி நாலு பழத்தைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். ஆறு வருஷமாக அதே விதைதான். ஒவ்வொரு வருஷமும் நல்ல செடியாகப் பார்த்து விதைக்கு விடுவாள். வரப்பில் கிடைத்ததால் வரப்பு மிளகாய்.

போன வருஷம் புரட்டாசியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வினோதினி என்ற பெண் வந்தாள். உப்புக் காற்று படுகிற நிலத்துக்கு எந்த மிளகாய் தாங்கும், எது அதிகம் காய்க்கும், எது தரமாக இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ஊர் மகளிர் குழுவின் தலைவி பிரிசில்லா உடனே அமராவதியின் நிலத்தைக் காட்டினாள். குழுவில் இருபத்திரண்டு பேர். எந்த ரகம் ஜெயிக்கிறதோ அதைத்தான் அடுத்த வருஷம் எல்லோரும் நடுவது என்றும், அதற்கு வேண்டிய நாற்றை ஒரே இடத்தில் விலைக்கு வாங்குவது என்றும் பேசி முடித்தார்கள். ஆராய்ச்சி நிலையத்து ரகம் ஜெயித்தால் நாற்றும் அங்கிருந்தே வந்துவிடும். வரப்பு மிளகாய் ஜெயித்தால் நாற்றங்கால் அமராவதிக்கு. நாற்றங்கால் கிடைத்தால் உப்பளத்துக்குப் போக வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோதினி மூன்று ரக நாற்றுகளைக் கொண்டுவந்திருந்தாள். அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டாள். ரகத்துக்கு மூன்று பாத்தி. நாலாவதாக வரப்பு மிளகாய்க்கும் மூன்று பாத்தி ஒதுக்கினாள்.

"மழை இல்லாதப்போ ஒவ்வொரு பாத்திக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்துக் குடம் தண்ணி, மாசத்துக்கு ஒரு கூடை எரு. கரெக்டா பண்ணுங்கக்கா."

"அப்போ என்னுதுக்கு மேடம்?"

"உங்க மிளகாய் கன்ட்ரோல்க்கா" என்று சொல்லிக்கொண்டே வினோதினி போனில் யாரிடமோ பேசப் போய்விட்டாள்.

கன்ட்ரோல் என்றால் என்னவென்று அமராவதிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு தெய்வசிகாமணிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. "கன்ட்ரோல்ல வைக்கணும்மா" என்றார் டாக்டர். அப்படியென்றால் என்ன என்று அங்கேயே நர்ஸிடம் விவரம் கேட்டுக்கொண்டாள். சோறு பாதி, இனிப்பு அறவே கூடாது, கெஞ்சினாலும் இரக்கம் காட்டக் கூடாது. அன்று சாயங்காலமே சக்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. மனுஷன் எத்தனையோ நாடகம் ஆடிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. சர்க்கரை மட்டும் இறங்கியது.

ஆகவே வரப்பு மிளகாய்ப் பாத்தி மூன்றுக்கும் ஐந்தைந்து குடம். எரு கிடையாது.

முதல் வாரத்தில் அவளுக்குக் கோபமாக வந்தது. "நம்புளுது ஜெயிச்சிடும்னு பயந்துக்கினு, அரை வயித்துக்குப் போடச் சொல்லிட்டுப் போயிருக்குது பாருய்யா அந்தப் பொண்ணு" என்று புருஷனிடம் பொருமினாள்.

"யாரு பார்க்கப் போறாங்க? ராவோட ராவா ரெண்டு குடம் சேர்த்து ஊத்திட்டு வா" என்றார் அவர். கன்ட்ரோலில் கிடப்பவருக்குத்தானே அதன் கஷ்டம் தெரியும்.

"ஊத்தலாம். அப்புறம் உனக்கும் யாரும் பார்க்காதப்போ ஜிலேபி வாங்கித் தரட்டுமா?"

வாக்குக் கொடுத்தாயிற்று, ஒரு குடம்கூட ஏமாற்ற மாட்டாள். குடத்தோடு அந்தப் பாத்தியைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயம்.

வினோதினி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து செடியின் உயரத்தை அளந்து எழுதுவாள். "தண்ணி கரெக்டா விடறீங்களாக்கா?" என்று கேட்பாள். "நீங்க சொன்னா மாதிரியேதான் மேடம்" என்று இவள் சொல்வாள். கேட்டதிலும் தப்பில்லை, சொன்னதிலும் பொய்யில்லை, இரண்டு பேருக்குமே ஒன்றும் புரியவில்லை. கன்ட்ரோல் பாத்திக்கு எதிரே 'வளர்ச்சி குறைவு' என்று நோட்டில் ஏறியது.

தையில் பறிப்பு தொடங்கியது. அதே நேரத்தில் உப்பளத்திலும் வேலை வந்துவிட்டது. காலையில் உப்பு, மத்தியானம் மிளகாய். விரல் வெடிப்பில் உப்பு எரிந்த இடத்திலேயே காரமும் எரிந்தது. பக்கத்து நிலத்துச் சவரிமுத்து வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார். அறுபது வயசு, எதையும் பெரிசாக இருந்தால்தான் நம்புகிற ஆள்.

"தங்கச்சி, ஒன்னாம் நம்பரைப் பாரு, விரல் நீளம் இருக்குது. உன்னுது ஒவ்வொன்னும் பீடித்துண்டு கணக்கா இருக்குதே" என்பார்.

"பீடித்துண்டுதான்ணே சுடும்" என்பாள் அமராவதி. வாய் அப்படிச் சொல்லும். அவர் போனதும் இரண்டு பழத்தையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பாள்.

பங்குனியில் கணக்குப் பார்க்கிற நாள் வந்தது. குழுக் கட்டடத்தில் குழுவோடு அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் கூடினார்கள். பறித்ததும் பழமாக நிறுத்தபோது என்ன எடை, காய வைத்த பிறகு என்ன எடை என்று வினோதினி கரும்பலகையில் எழுதினாள். ஒன்றாம் நம்பர் நாற்பத்தொரு கிலோ பழம், காய்ந்த பின் எட்டேகால். இரண்டாம் நம்பர் முப்பத்துமூன்று, காய்ந்து ஏழு. மூன்றாம் நம்பர் இருபத்தெட்டு, காய்ந்து ஆறரை. கன்ட்ரோல் பத்தொன்பது, காய்ந்து ஆறு.

தரத்துக்குப் பரீட்சை பிரிசில்லாவின் ஏற்பாடு. ஒரே மீன், ஒரே புளி, ஒரே அளவு மிளகாய்த்தூள் என்று நாலு சட்டி குழம்பு வைத்திருந்தாள். எந்தச் சட்டி எது என்பதை அடியில் சுண்ணாம்பால் எழுதி மறைத்துவிட்டாள். முதல் சட்டி நல்ல சிவப்பு, ஆனால் காரம் எங்கோ தூரத்தில் இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பரவாயில்லை. கடைசிச் சட்டியில் ஒரு வாய் வைத்ததும் சவரிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், நெற்றியில் வேர்வை. துண்டால் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்டார். மூன்றாவது முறை அவர் தட்டை நீட்டும்போது சட்டி காலியாகிவிட்டது. பிரிசில்லா அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் நாலு என்று எழுதியிருந்தது.

"பீடித்துண்டுண்ணே" என்றாள் அமராவதி. கட்டடம் முழுக்கச் சிரிப்பு.

வினோதினியும் சிரித்துவிட்டுக் கரும்பலகையைக் காட்டினாள். "ருசியில கன்ட்ரோல்தான் முதல். ஆனா விளைச்சல்ல கடைசி. காய்ஞ்ச எடையிலயும் கடைசி. விவசாயம் பண்றவங்களுக்கு எடைதானே முக்கியம்? அதனால ஒன்னாம் நம்பரைத்தான் நான் சொல்லுவேன்."

அமராவதிக்கு இனி காலம் முழுக்க அந்த உப்புத்தான் என்று தோன்றியது. முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்து சட்டிகளை அடுக்கத் தொடங்கினாள். வினோதினிக்கு அது தெரிந்துவிட்டது. நல்ல மனசுக்காரப் பெண், பக்கத்தில் வந்து ஆறுதலாகச் சொன்னாள்.

"வருத்தப்படாதீங்கக்கா. போட்டி நியாயமாத்தானே நடந்துது? ஒரே மண்ணு, ஒரே எரு, ஒரே தண்ணி."

அமராவதி நிமிர்ந்தாள். "ஒரே தண்ணியா? யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். எல்லாப் பாத்திக்கும் பத்துக் குடம்."

"என்னுதை கன்ட்ரோல்ல வைக்கச் சொன்னீங்களே மேடம். அஞ்சு குடந்தான் ஊத்தினேன். எரு ஒரு பிடி போடலையே. சாமி சத்தியமா, ஒரு குடம் கூட ஏமாத்தலை."

வினோதினி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா! கன்ட்ரோல்னா ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு வைக்கிற சாதாரணப் பாத்திக்கா. எல்லாத்துக்கும் செய்யறதை அதுக்கும் செய்யணும்!"

"எங்க ஊட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னது அப்படி இல்லையே" என்றாள் அமராவதி.

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பிரிசில்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அமராவதியைத் தவிரச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வினோதினி, ஆறு மாத வேலை வீணாகிவிட்டதே என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் சவரிமுத்து. அவர் கரும்பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் இரு" என்றார். "பாதித் தண்ணியில, எருவே இல்லாம, ஆறு கிலோவா?"

"ஆமாங்கய்யா. ஆனா இந்தக் கணக்கு செல்லாதுங்க."

"உன் நோட்டுக்குச் செல்லாதும்மா. என் கிணத்துக்குச் செல்லும். மாசி முடிஞ்சா என் கிணத்துல நல்ல தண்ணி அடியில கெடக்குது, அப்புறம் ஊறுறதெல்லாம் உவரு. பத்துக் குடத்துக்கு நான் எங்க போவேன்? தங்கச்சி, எனக்கு ஆயிரம் நாத்து எழுதிக்க."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்று பேச்சு தொடங்கியது. யார் நிலத்தில் போர்வெல் இருக்கிறது, யார் குடத்தில் சுமக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு பேரில் போர் வைத்திருப்பவர்கள் ஏழே பேர். அவர்கள் ஒன்றாம் நம்பரை நடட்டும், மீதிப் பதினைந்து பேருக்கும் வரப்பு மிளகாய், அதற்கு நாற்றங்கால் அமராவதியுடையது என்று பிரிசில்லா முடிவு சொன்னாள். வினோதினி விடவில்லை. அடுத்த வருஷம் நாலு ரகத்துக்கும் முழுத் தண்ணீரில் பாதிப் பாத்தி, அரைத் தண்ணீரில் பாதிப் பாத்தி போட்டு மறுபடி பார்த்தாக வேண்டும் என்றாள். அதையும் அமராவதியே செய்வதென்று ஏற்பாடு. இந்த முறை ஒவ்வொரு பாத்திக்கும் எத்தனை குடம் என்று சுவரில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் அமராவதி உப்பளத்து மேஸ்திரியிடம் போய், இந்த மாசத்தோடு சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். போகும்போது இருந்த வலி திரும்பும்போதும் குதிகாலில் இருந்தது. ஆனாலும் வேகமாக நடந்தாள்.

வந்ததும் வராததுமாகக் கிணற்றில் குடத்தை இறக்கினாள். விதைக்கு விட்ட செடிகள் மட்டும் கன்ட்ரோல் பாத்தியில் நின்றுகொண்டிருந்தன. பத்துக் குடத்தையும் சுமந்து கொண்டுவந்து ஊற்றினாள். பதினோராவதாக ஒன்றும் ஊற்றினாள். அவ்வளவு நாள் திருப்பிக்கொண்டு போன முகம் இப்போது அந்தச் செடிகளையே பார்த்தது. கண் கலங்கிவிட்டது.

"குடி, வயிறு ரொம்ப குடி. எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

தெய்வசிகாமணி சக்கரை இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"அமரா, கன்ட்ரோல்னா எல்லாருக்கும் குடுக்கறதை அதுக்கும் குடுக்கறதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு இல்ல? அப்போ இந்த டீக்கு?"

"அது மிளகாய் கன்ட்ரோலுய்யா" என்றாள் அமராவதி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "உன்னுது டாக்டர் கன்ட்ரோல். பேசாம குடி."