இருபது வருஷம் நிற்குமா?

அம்மா இருந்தவரை தம்பி துபாயிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். பேசுவதெல்லாம் அம்மாவிடம்தான். போன் என் கைக்கு வரும்போது "நல்லா இருக்கியாக்கா?" என்ற ஒரு கேள்விதான் மிச்சமிருக்கும். அம்மா போன பிறகும் அவன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

நான் சிவகாசியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்ற நாட்களில் ஆள் ஏற்ற வரும் பட்டாசுக் கம்பெனி வேன்களின் ஹாரனாவது தெருவில் கேட்கும். ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து கதவைச் சாத்தினால், அந்த இரண்டு நிமிடம் போக, திங்கட்கிழமை வகுப்பில்தான் என் குரலை நானே கேட்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, பிட்காயின் வாங்கியிருப்பதாகத் தம்பி சொன்னான். எனக்குக் கோபம் வந்தது.

"ஏலே, கையில பிடிக்க முடியாத காசை நம்பி எப்படிலே போட்ட? இருபது வருஷம் நிக்குமா அது?"

"கையில பிடிச்ச நோட்டே ஒரே அறிவிப்புல செல்லாமப் போச்சே, மறந்துட்டியா? நம்ம ஊர்ல எதை வேணும்னாலும் எம்புட்டு வேணும்னாலும் அச்சடிப்பாக. இதை ஒரு அளவுக்கு மேல யாராலயும் அடிக்க முடியாதுக்கா."

"குறைச்சலா இருந்தா மதிப்பு வந்துருமா? நோட்டுக்குப் பின்னால ஒரு சர்க்கார் நிக்குது. இதுல பாஸ்வேர்ட் தொலைஞ்சா யார்கிட்டப் போய் அழுவ?"

அன்று நாற்பது நிமிடம் பேசினோம். போனை வைத்தபோது காது சுட்டது. சோறு ஆறிப்போயிருந்தது. அடுத்த ஞாயிறுக்காக வாரம் முழுக்கப் படித்தேன். பள்ளியின் பழைய டைரி ஒன்றில் குறிப்பெடுத்தேன். "அரசாங்கமே வரி போடுது, அப்ப ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்" என்பான். "லாட்டரிப் பரிசுக்கும்தான் வரி போடுறாக" என்பேன். இப்படி இரண்டு வருடம் ஓடியது. பத்து வயதில்கூட நாங்கள் இவ்வளவு சண்டை போட்டதில்லை.

பிறகு விலை விழுந்தது. ஒரு ஞாயிறு அவன் குரல் இறங்கியிருந்தது.

"எல்லாத்தையும் வித்துட்டேன்க்கா. நீ சொன்னதுதான் சரி."

நல்ல காரியம் செய்தாய் என்றேன். அதோடு போனை வைத்துவிட்டான். அடுத்த வாரம் இரண்டே நிமிடம்தான் பேசினான். அதற்கடுத்த வாரம் போன் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு நானே கூப்பிட்டேன்.

"அவசரப்பட்டு வித்துட்டியோன்னு தோணுதுலே. இதுக்கு முன்னால எத்தனையோ தடவை விழுந்து எந்திரிச்சிருக்கே?"

அவன் சிரித்தான். "என்னக்கா, கட்சி மாறிட்ட?" என்றவன், நான் இரண்டு வருடமாகச் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னான். நான் விடாமல் அவன் பக்கம் நின்று வாதாடினேன். என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. அரைமணி நேரம் போனதே தெரியவில்லை.

மறுவாரம் டைரியைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"விடுக்கா, முடிஞ்சுபோனதைப் பேசி என்ன ஆகப்போகுது? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சரி, வச்சிரட்டுமா?"

அதன்பின் மாதம் ஒருமுறை பேசினாலே பெரிது. என்னிடம் ஒரு காயின்கூடக் கிடையாது. இருந்தும் தினமும் காலையில் விலையைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அது அவன் விற்ற விலையைத் தாண்டிய அன்று, அவனுக்குச் செய்தி அனுப்ப நாலு வரி தட்டினேன். குத்திக்காட்டுவதுபோல் இருந்ததால் அழித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

எப்படித் தொடங்குவதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "பாத்தேன்க்கா" என்றான்.

யார் சொன்னது சரி என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. இருவருமே போனை வைக்கவில்லை.

"அங்கன மழை உண்டாக்கா?"

"இல்லலே" என்றேன்.