ஒன்பதாவது அடிக்கு அப்புறம்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், சிரித்து முடித்துவிட்டே கேளுங்கள். பேய் பிசாசை நம்புகிற ஆள் நான் இல்லை. பேயை விடுங்கள், மனுஷனையே லேசில் நம்பமாட்டேன், கறிக்கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்கிற ரகம். மைசூரில் வாடகை வீடுகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஏழு வருஷமாகக் காலி வீடுகளுக்குள் தனியாகப் போய்வருகிறேன், அக்கம்பக்கத்தில் என்னென்னவோ சொன்ன வீட்டில்கூடத் தரையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு மண்ணும் நடந்ததில்லை.

என் வீடியோ எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. வெட்டு ஒட்டு கிடையாது, கேட்டில் ஆரம்பித்தால் கடைசி வரை ஒரே ஓட்டம். நடுவில் வெட்டினால் பார்க்கிறவன் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அப்புறம், நான் அடி எண்ணுவேன். ஒவ்வொரு அறையிலும் கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை 'ஒந்து, எரடு, மூரு' என்று கன்னடத்தில் சத்தமாக எண்ணிக்கொண்டே நடப்பேன், கட்டில் போடலாமா, பீரோ நிற்குமா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அது அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். சர்க்கரையில் அவருக்கு இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷம் ஆகிறது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் ராமாபுரம் எங்கள் ஊர், அங்கே எங்கள் வீட்டுக்குள் யார் கையையும் பிடிக்காமல், வாய்விட்டு அடி எண்ணிக்கொண்டேதான் போய்வருவார்.

போன வருஷம் அவருக்குச் சிறுநீரகமும் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் மைசூரில் டயாலிசிஸ். ஹனூர், கொள்ளேகால் என்று பஸ்ஸில் வந்து திரும்புவதற்குள் மனுஷன் துவண்டுபோய்விடுவார். டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார், இப்படி அலைக்கழித்தால் உடம்பு தாங்காது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள் என்று. நானும் என் மனைவி கீதாவும் இருந்ததோ இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும், உடனே வேண்டும். ஊருக்கெல்லாம் வீடு காட்டுகிறவனுக்குச் சொந்த அப்பாவைப் படுக்கவைக்க ஒரு ரூம் அமையவில்லை, அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல.

அப்போதுதான் குவெம்புநகரில் ஒரு தரைத்தள வீட்டுக்கு வீடியோ எடுக்கும் வேலை வந்தது. காலை பதினோரு மணி, நல்ல வெயில். ஓனர் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஹால், இரண்டு சின்னப் படுக்கையறை, ஒரு நீளமான நடை, நடையின் கோடியில் வெள்ளைச் சுவர், அங்கிருந்து திரும்பி வந்தால் சமையலறை, பின்கதவு. எல்லாம் காட்டினேன், அடி எண்ணினேன், குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைக் காட்டினேன், வெளியே வந்து முடித்தேன். அந்த ஏரியாவுக்கு வாடகை ரொம்பக் குறைவு, அதுவே எனக்கு உறுத்தியது. இருந்தாலும் அப்பாவுக்கு ஆகுமா என்று கேட்க, ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ளும் என் அக்கா சரசுவுக்கு வாசலில் நின்றபடியே வீடியோவை அனுப்பினேன். நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானே நடந்து எடுத்ததை நானே பார்க்க என்ன இருக்கிறது என்கிற திமிர்தான்.

பத்து நிமிஷத்தில் அக்கா போன் பண்ணினாள்.

"பழனி, கடைசியா காட்டுனியே அந்த ரூமு, அப்பாவுக்குன்னே கட்டுன மாதிரி இருக்குதுடா. சன்னலு எம்புட்டுப் பெருசு!"

"எந்த ரூமு? ரெண்டுதானக்கா இருக்குது. ரெண்டுலயும் சின்ன சன்னலு."

"நடைக் கோடியில இருக்கறது. நீதான கதவத் தொறந்து காட்டற?"

"கோடியில செவுருதானக்கா."

அக்காவின் குரல் மாறிவிட்டது.

"கீதாவுக்கு இஷ்டமில்லீன்னா நேரா சொல்லிப்போடு. பெத்த அப்பனுக்குப் போயி எதுக்குடா இந்த சால்ஜாப்பு?"

வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒரு பாவமும் அறியாத கீதாவை வேறு இழுத்துவிட்டாளே. அந்த ஆத்திரத்தோடுதான் வீடியோவைப் போட்டேன்.

நடை வரைக்கும் எல்லாம் நான் எடுத்ததுதான், என் கன்னடம்தான். நடையில் கால் வைத்ததும் குரல் தமிழுக்கு மாறுகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போகிறது. "ஒம்பது" என்று நிற்கிறது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு கதவு. ஒரு கை நீண்டு தாழ்ப்பாளைத் தள்ளுகிறது, மணிக்கட்டில் மாதேஸ்வரன் மலையில் கட்டிக்கொண்ட கயிறு, நான் போட்ட அதே முடிச்சு. உள்ளே ஒரு கட்டில், பெரிய ஜன்னல், வெளியே தென்னை ஓலை அசைகிறது. "அப்பா, இது உங்க ரூமுங்க. காத்து நல்லா வருமுங்க" என்கிறது என் குரல். கை கதவைச் சாத்துகிறது, படம் திரும்பி சமையலறைக்குப் போகிறது, மறுபடி கன்னடம்.

நம்பினால் நம்புங்கள், நான் முதலில் பயப்படவே இல்லை. எவனோ விளையாடுகிறான் என்றுதான் தோன்றியது. இந்தக் காலத்தில் எதை வேண்டுமானாலும் போலியாகச் செய்கிறார்களே. வெட்டு எங்கே இருக்கிறது என்று பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், இல்லை. போன் என் கையைவிட்டுப் போகவும் இல்லை, எடுத்த கையோடு அனுப்பியது. சரி, எப்படியோ செய்துவிட்டான் என்றே வையுங்கள். அப்பாவிடம் நான் இந்த 'ங்க' போட்டுப் பேசுவது மைசூரில் எவனுக்குத் தெரியும்? அதோடு போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அக்கா வந்து இறங்கினாள், என்மேல் சந்தேகம் தீராமல்தான். நேராக அந்த வீட்டுக்கே கூட்டிப்போனேன். நடைக் கோடியில் போய் நின்றாள், சுவரைத் தடவினாள், விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து, அதையடுத்து பக்கத்து வீட்டு காம்பவுண்டு. ரூம் இருக்க இடமே இல்லை. தென்னை மரமும் இல்லை.

ஓனர் அம்மாவிடம் வீடியோவைப் பற்றி மூச்சு விடாமல், நடைக் கோடியில் முன்பு ரூம் ஏதாவது இருந்ததா என்று மட்டும் கன்னடத்தில் கேட்டேன். இல்லையே, கட்டினதிலிருந்து இப்படித்தான் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு கேட் வரை வந்துவிட்டோம், மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?"

நான் ஜன்னலைப் பற்றி வாயே திறக்கவில்லை ஐயா. எந்த ஜன்னல் என்று கேட்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இந்த வூடு வேண்டாஞ் சாமி. நேத்து நான் பேசுனத மனசுல வெச்சுக்காத" என்றாள், அழுதுவிட்டாள். கேமரா ரிப்பேர் என்று சொல்லி அந்த வேலையை விட்டுவிட்டேன், வீடியோவையும் இரண்டு போனிலும் அழித்தோம்.

அடுத்த வாரமே வித்யாரண்யபுரத்தில் வேறு வீடு கிடைத்தது. அடிக்கு அடி பார்த்துத்தான் எடுத்தேன், தட்டாத சுவர் இல்லை. அப்பா வந்தார், துணைக்கு அக்காவும் வந்து தங்கினாள். அந்த வீடியோ பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றே நாளில் புது வீட்டைக் கற்றுக்கொண்டார். கட்டிலிலிருந்து பாத்ரூம் ஏழு, ஹால் பதினாலு. ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் முகம் தெளிந்தது, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

இந்த வீட்டிலும் ஒரு நடை உண்டு, அதன் ஒரு கோடியில் வெறும் சுவர்தான். நாலாம் நாள் அவர் ஹாலிலிருந்து நடைக்குள் அந்தப் பக்கமாகத் திரும்பினார். ஒன்பது எண்ணி நின்றார். சுவரில் தாழ்ப்பாள் இருக்கிற உயரத்துக்குக் கையை வைத்துத் தடவினார்.

"ஏண்டா சாமி, இந்த ரூம எதுக்குப் பூட்டி வெச்சிருக்கறீங்க?"

சமையலறையில் அக்கா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "அது செவுருங்கப்பா" என்றேன். "அப்படியா" என்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். அக்காதான் உளறியிருப்பாள் என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன், பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்து வந்ததும் அங்கே போவார், ஒன்பது எண்ணுவார், தடவிப் பார்ப்பார், வந்துவிடுவார். கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடைக்குள் அவர் எண்ணுவது கேட்டது. ஏழு, எட்டு, ஒம்பது. வழக்கமாக அதோடு நின்றுவிடும். கொஞ்சம் சும்மா இருந்தது. அப்புறம் "பத்து" என்றார். "பதினொண்ணு."

எச்சில் கையோடு ஓடினேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார், நெற்றி சுவரில் பட்டும் படாமலும். அந்த நடையில் ஃபேன் கிடையாது, ஜன்னல் கிடையாது. அவர் தோளில் கிடந்த துண்டின் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து நல்லா வருதுடா" என்றார்.

உடம்பு தளர்ந்தால் அடி சின்னதாகும், அதனால்தான் எண்ணிக்கை கூடிவிட்டது என்கிறாள் அக்கா. இருக்கலாம். எதையும் நம்பாத நான் இதை மட்டும் நம்பிவிடத்தான் பார்க்கிறேன். ஆனாலும் அன்றிலிருந்து நடையில் அந்தச் சுவருக்கு முன்னால்தான் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறேன். எனக்குத் தெரியாமல் அவர் எழுந்து வந்தாலும், எட்டாவது அடியில் அவர் கால் என்மேல் பட்டுவிடும்.