டீன் வைத்த பிரியாணி விருந்து

காலையில் டீனிடமிருந்து மின்னஞ்சல். புது செமஸ்டரை வரவேற்க ஆசிரியர்கள், ஊழியர்கள் எல்லாருக்கும் தேக்கா சந்தையிலிருந்து வரவழைத்த பிரியாணி விருந்தாம். பதிவு செய்ய அதிலுள்ள இணைப்பை அழுத்த வேண்டுமாம்.

எங்கள் பல்கலைக்கழகமாவது, பிரியாணி போடுவதாவது!

பக்கத்து மேசை கவிதா பதறினாள். "அக்கா, தொடாதீங்க லா! போன செமஸ்டர் இலவச காப்பின்னு வந்துச்சே, அது நாம ஏமாறுறோமான்னு பாக்க ஐடி ஆளுங்க வச்ச டெஸ்ட். கிளிக் பண்ணவங்களை எல்லாம் சைபர் செக்யூரிட்டி கிளாஸ்ல உட்கார வச்சாங்க."

ஆபீஸில் ஒருவரும் தொடவில்லை.

மதியம் ஹாலைக் கடந்தபோது வாசனை மூக்கைத் துளைத்தது. எட்டிப் பார்த்தேன். நிஜப் பிரியாணி. டீனோடு உட்கார்ந்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது ஐடி பிரிவு மட்டும். இந்த முறை டெஸ்ட் வைக்கவில்லை என்று அவர்களுக்குத்தானே தெரியும்!

இப்போது இன்னொரு மின்னஞ்சல்: 'விருந்துக்கு ஏன் வரவில்லை? காரணம் சொல்ல இங்கே அழுத்தவும்.'

நான் தொடவில்லை. நீங்களாக இருந்தால் அழுத்துவீர்களா?